ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்த சைக்கிள்?

என் மகளுக்கு வயது 12, உயரம் 142 சென்டிமீட்டர். திருவாரூரில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளி மூன்று கிலோமீட்டர். ஏழாம் வகுப்பு தொடங்கும்போது சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தோம். கடையில் மூன்று வண்டிகளை எடுத்து நிறுத்தினார்கள்: 24 அங்குலச் சக்கரத்தில் கியர் இல்லாத சாதாரண வண்டி, அதே அளவில் கியர், ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக் எல்லாம் வைத்த வண்டி, பெரியவர்களே ஓட்டக்கூடிய 26 அங்குல வண்டி.

கடைக்காரர் 26 அங்குலத்தைத்தான் எடுக்கச் சொன்னார். வளர்கிற பிள்ளை, ஒரே வருடத்தில் சரியாகிவிடும் என்றார். சீருடையைக் கொஞ்சம் பெரிதாகத் தைத்து ஓரத்தை மடித்து அடிப்பது நம் வீடுகளில் வழக்கம்தான். சைக்கிளுக்கு அந்தக் கணக்கு ஆகாது. சீட்டை அடிவரை இறக்கி மகளை உட்காரவைத்தேன். இரண்டு கால்களிலும் பெருவிரல் நுனிதான் தரையில் பட்டது. எதிரே ஒரு ஆட்டோ சட்டென்று திரும்பினால் அவளால் காலை ஊன்ற முடியாது. வண்டியோடு சேர்ந்து சாய்வாள். நாமெல்லாம் குரங்குப் பெடல் போட்டுத்தானே கற்றுக்கொண்டோம் என்று கூட வந்த தம்பி கேட்டான். உண்மைதான். ஆனால் அன்றைக்கு நாம் ஓட்டிய தெருவில் இத்தனை வண்டிகள் இல்லை.

24 அங்குல வண்டியில் உட்கார்ந்தபோது இரண்டு பாதங்களின் முன்பாதி தரையில் நன்றாகப் பதிந்தது. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. இதுதான் சரியான அளவு. குறுக்குக் கம்பி வைத்த வண்டியாக இருந்தால், தரையில் நின்றபடி கம்பிக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிள்ளை 150 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் தயங்காமல் 26 எடுக்கலாம். வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது பிரேக்கில்தான். டிஸ்க் பிரேக்குக்கு ஒரு நியாயம் இருக்கிறது. சாதாரண வண்டியில் ரப்பர் கட்டை ரிம்மை அழுத்தித்தான் சக்கரத்தை நிறுத்துகிறது; மழையில் ரிம் நனைந்தால் அது முதலில் கொஞ்சம் வழுக்கிவிட்டுத்தான் பிடிக்கும். டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர் மழையைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் ஒன்றின்மேல் ஒன்றாக வண்டிகளைச் சாய்த்து வைப்பார்கள். டிஸ்க் பிரேக்கின் மெல்லிய தகடு ஒருமுறை வளைந்தால் உரசிக்கொண்டே ஓடும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் தெருமுனைப் பஞ்சர் கடையில் இருப்பார் என்று சொல்ல முடியாது. ரப்பர் கட்டையை அவர் சில நிமிடங்களில் மாற்றிக் கொடுப்பார்.

இதைவிட முக்கியமானது விரல். கியர் வண்டியின் பிரேக் லீவரை மகள் பிடித்தபோது விரல்களின் முதல் கணு மட்டும்தான் எட்டியது; அழுத்த வலு இல்லை. பல லீவர்களில் ஒரு சிறு திருகு இருக்கும், அதைத் திருப்பினால் லீவர் கைப்பிடியை நெருங்கி வரும். கடையில் கேட்டால்தான் செய்து தருகிறார்கள். எந்த வண்டி வாங்கினாலும் இதைக் கேளுங்கள்.

கியர் எங்களுக்குத் தேவைப்படவில்லை. டெல்டாவில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். ஏற்காட்டிலோ கோத்தகிரியிலோ குடியிருந்தால் நானே கியர் வண்டியைத்தான் எடுத்திருப்பேன். வண்டி வலது பக்கமாக விழுந்தால் பின்சக்கரத்தில் தொங்கும் கியர்ப் பகுதி வளைந்துவிடும். பிள்ளைகள் வண்டியைக் கீழே போடாமல் இருக்கமாட்டார்கள். குறைந்த விலை ஷாக் அப்சார்பர் எடையைத்தான் கூட்டுகிறது. நாங்கள் பார்த்த கியர் வண்டியில் முழுச் செயின் கவரும் இல்லை, கேரியரும் இல்லை. துப்பட்டா போடும் பெண்ணுக்கு செயின் கவர் கட்டாயம். புத்தகப்பை முதுகில் தொங்கினால் திருப்பத்தில் உடம்பை இழுக்கும். கேரியரில் கட்டினால் அந்தச் சிரமம் இல்லை. கடையில் இருந்த தடித்த டயர் வண்டி ஒன்றையும் மகள் ஆசையாகப் பார்த்தாள். அதன் எடை 20 கிலோவை நெருங்கும், அவள் எடையே 36. அதனால் அதை எடுக்கவில்லை.

சாதாரண 24 அங்குல வண்டியையே வாங்கினோம். மிச்சமான பணத்தில் ஹெல்மெட் எடுத்தோம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் அது உட்கார வேண்டும். பின்னால் சரிந்திருந்தால் நெற்றிக்குப் பாதுகாப்பு இல்லை. இந்த வண்டி சிறிதாகிவிட்டால் தம்பி மகனுக்குப் போகும். அவள் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. பிளஸ் ஒன்னில் அரசின் விலையில்லா மிதிவண்டியும் வரும்.

நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் வலது லீவர்தான் முன்பிரேக். அதை மட்டும் சட்டென்று பலமாக அழுத்தினால் வண்டி தலைகுப்புறக் கவிழலாம். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க, கமலாலயக் குளத்தைச் சுற்றி இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழக்கினேன். ஒரு மாதம் ஓடியபின் கடைக்குக் கொண்டுபோய் பிரேக் ஒயரை இறுக்கி, சக்கரத்தில் கோட்டம் எடுத்து வந்தோம். புது வண்டியில் பிரேக் ஒயரும் சக்கரக் கம்பிகளும் பெரும்பாலும் கொஞ்சம் தளரும்.