திரும்பத் திரும்ப கிட்னி ஸ்டோன்: 24 மணிநேர யூரின் டெஸ்ட்டும் தையசைடு மாத்திரையும், என் அனுபவம்

கல்லு வந்தவங்களுக்கு தெரிஞ்ச ரொட்டீன் தான், இடுப்புல பிடிக்கிற வலி அடிவயிறு வரைக்கும் இறங்கும், ஸ்கேன், கல்லு இறங்க டாம்சுலோசின் மாத்திரை, குடம் குடமா தண்ணி, கல்லு விழுந்ததும் எல்லாத்தையும் மறந்துடுவோம். எனக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா வந்துட்டே இருந்துச்சு. விழுந்த கல்லை லேப்ல குடுத்துப் பாத்தா கால்சியம் ஆக்சலேட், அதாவது கால்சியமும் கீரை மாதிரி சாப்பாட்டுல இருக்கற ஆக்சலேட்டும் சேர்ந்து உண்டான கல்லு. அப்ப பாத்த டாக்டர் தக்காளி, கீரை, பால் மூணையும் நிறுத்துங்கன்னாரு, அதோட சரி.

அப்புறம் போன நெஃப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்) தான் "யூரின்ல எவ்ளோ கால்சியம் போகுதுன்னு பாக்காம என்ன டயட் சொல்றது"ன்னு 24 மணிநேர யூரின் டெஸ்ட் எழுதினாரு. காலைல முதல் யூரினை டாய்லெட்ல விட்டுட்டு டைம் குறிச்சுக்கணும், அதுக்கப்புறம் மறுநாள் அதே டைம் வரைக்கும் எல்லாமே கேன்ல. சில லேப்ல கேனுக்குள்ள ஆசிட் ஊத்தி குடுப்பாங்க, நேரா கேன்ல போயிடாதீங்க, மக்ல பிடிச்சு மெதுவா ஊத்துங்க. லீவு நாள்ல வச்சுக்கங்க, ஆபீசுக்கு கேனைத் தூக்கிட்டா போக முடியும்? டெஸ்ட்டுக்காக அன்னைக்கு மட்டும் நல்ல பிள்ளையா தண்ணி குடிக்கறதும் வேணாம், எப்பவும் போல இருங்க.

எனக்கு 24 மணிநேர யூரின்ல கால்சியம் 380 மி.கி. வந்துச்சு. ஆம்பளைங்களுக்கு 300, பொம்பளைங்களுக்கு 250 தாண்டினாலே அதிகம்னு சொல்றாங்க. ரத்தத்துல கால்சியமும், அதைக் கட்டுப்படுத்தற பாராதைராய்டு ஹார்மோனும் (கழுத்துல இருக்கற சுரப்பில இருந்து வர்றது) நார்மல், அது ரெண்டும் ஏறியிருந்தா ரூட்டே வேற, ஆபரேஷன் வரைக்கும் போகலாம். அதே ரிப்போர்ட்ல சோடியமும் எகிறிக் கிடந்துச்சு. உப்பு வெளிய போறப்ப கால்சியத்தையும் இழுத்துட்டுப் போகுமாம், ஊறுகா, அப்பளம், கருவாடு இல்லாம சோறு இறங்காத வீட்டுல வேற எப்படி இருக்கும். பாலை நிறுத்தினாலும் பிரச்சினை, ஏன்னா சாப்பாட்டுல இருக்கற கால்சியம் தான் ஆக்சலேட்டை குடல்லயே பிடிச்சு வெளிய தள்ளுது, அது குறைஞ்சா ஆக்சலேட் நேரா யூரினுக்கு வந்துடும். 2002ல இத்தாலில 5 வருஷம் பாத்த ஆய்வுலயே, கால்சியத்தை குறைச்சவங்களை விட, அதை நார்மலா வச்சுட்டு உப்பையும் கறியையும் குறைச்சவங்களுக்கு கல்லு திரும்பினது பாதி தான். மோர் திரும்ப வந்துச்சு வீட்டுக்கு, அதுவே பெரிய சந்தோஷம்.

யூரின்ல கால்சியம் போறதைக் குறைக்க டாக்டர் குடுத்த மாத்திரை குளோர்தலிடோன். தையசைடு வகை, பிபிக்கும் குடுக்கற, யூரினை அதிகமா போக வைக்கற மாத்திரை. ஆரம்பத்துல சட்டுனு எழுந்தா லேசா கிறுகிறுப்பு, ராத்திரில கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும், பாத்தா பொட்டாசியம் இறங்கியிருக்கு. அதுக்குத்தான் பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பும் சேர்த்தாங்க, கல்லுக்கும் நல்லது. டேஸ்ட் சகிக்காது, ஒரு டம்ளர் தண்ணில கலந்து சாப்பாட்டுக்கு அப்புறம் குடிச்சா வயிறு எரியாது.

இந்த வகை மாத்திரை கேரண்டின்னு நினைக்காதீங்க, 2023ல வந்த சுவிஸ் ஆய்வுல இதே வகையைச் சேர்ந்த ஹைட்ரோகுளோரோதையசைடு 50 மி.கி. வரை குடுத்தும் டம்மி மாத்திரையை விட பெருசா பலன் தெரியல. எனக்கு கால்சியம் 210க்கு வந்து புது கல்லு ஸ்கேன்ல தெரியாததால தொடர்றேன், அதுல உப்பு குறைச்சதோட பங்கு எவ்ளோ, மாத்திரையோட பங்கு எவ்ளோன்னு பிரிச்செல்லாம் சொல்ல முடியாது. ஏற்கனவே பிபி மாத்திரை போடறவங்க, சுகர், யூரிக் ஆசிட் இருக்கறவங்க டாக்டர்கிட்ட அதை முன்னாடியே சொல்லிடுங்க, இது மூணுலயும் கை வைக்கற மாத்திரை.