இறக்குமதித் தீர்வையா, குற்றப்பத்திரிகையா?

சீனாவின் நியாயமற்ற வணிகத்துக்கும் இணைய உளவுக்கும் அமெரிக்கா இரு வழிகளில் பதில் கொடுத்தது.

2018இல் பல சீனப் பொருட்கள் மீது 25 சதவீதத் தீர்வை. அடி பலமானதுதான். ஆனால் பெய்ஜிங் அமெரிக்கச் சோயா அவரை மீது பதிலடித் தீர்வை விதித்தபோது நொந்தவர்கள் அமெரிக்க விவசாயிகள்.

2014 மே மாதம் சீன இராணுவ அதிகாரிகள் ஐவர் மீது கணினி ஊடுருவல் வழக்கு. எவரும் கூண்டில் ஏறவில்லை. எனினும் குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டவர்களை மட்டுமே அது சுட்டியது. அடுத்த ஆண்டே, வணிக இரகசியங்களை இணையவழி திருடுவதில்லை என இரு நாடுகளும் உடன்பட்டன. அது முழுமையாக நிலைக்கவில்லை என்றாலும் நான் இந்த வழியின் பக்கமே நிற்கிறேன். கொழும்பில் இருப்பவர்களுக்குக் காரணம் விளங்கும்: 2025 ஏப்ரலில், வர்த்தகப் பற்றாக்குறையைச் சொல்லி இலங்கைக்கும் 44 சதவீதத் தீர்வையை அமெரிக்கா அறிவித்தது. பின்னர் அது 20 ஆகக் குறையும்வரை நம் ஆடைத் தொழிலாளர்களுக்கு நிம்மதி இல்லை.