பாரிஸிலிருந்து இரண்டு இரவு: சான் மலோவா, மார்செயா, நீஸா?

வெள்ளி மாலை பாரிஸை விட்டுக் கிளம்ப வேண்டும், ஞாயிறு இரவு வீடு வந்து சேர வேண்டும், கூட ஒரு நண்பர், போகிற இடத்தில் கடல் இருக்க வேண்டும். இப்படிக் கேட்பவர்களின் பேச்சு கடைசியில் பெரும்பாலும் மூன்று ஊர்களில் வந்து நிற்கும்: மேற்கே சான் மலோ, தெற்கே மார்செய், தென்கிழக்கே நீஸ். மூன்றும் அழகான ஊர்கள்தான். அதனால் அழகை வைத்துத் தேர்ந்தெடுத்துப் பயனில்லை. எந்த ஊரில் எது உங்கள் திட்டத்தைக் கெடுக்கும் என்று பாருங்கள். சான் மலோவில் அது ஓதம் (கடல் ஏறி வற்றுவது), மார்செயில் காற்று, நீஸில் தூரம்.

ரயில் கணக்கு

சான் மலோவுக்கு மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து நேரடி தெஜெவெ (TGV) அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் இரண்டேகால் மணி நேரம். 2017இல் ரென் நகர் வரை அதிவேகப் பாதை போட்ட பிறகுதான் இது சாத்தியமானது. ஆனால் நேரடி வண்டிகள் குறைவு. மற்ற வண்டிகளில் போனால் ரென்னில் இறங்கி, இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும் வட்டார ரயிலில் மாற வேண்டும். பதிவு செய்யும்போது இடையில் மாறும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்செய் 750 கிலோமீட்டர் தள்ளி இருந்தும் பாரிஸின் கார் து லியோன் ரயில் நிலையத்திலிருந்து மூன்று மணி நேரத்தைச் சற்றே தாண்டுவதற்குள் போய்விடலாம். வண்டிகளும் அடிக்கடி உண்டு. ஊய்கோ என்ற மலிவு தெஜெவெயும் ஓடுகிறது. அதில் கைப்பெட்டி அளவுக்குக் கறாரான வரம்பு உண்டு. பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம். நிலையத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுவது நல்லது.

நீஸுக்குப் போகும் வண்டி மார்செய்க்கு அருகே அதிவேகப் பாதையை விட்டு இறங்கி, மீதித் தூரத்தைப் பழைய பாதையில் ஊர்ந்து கடக்கிறது. மொத்தம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சான் ரஃபாயேலைத் தாண்டியதும் வலப்பக்கம் சிவப்புப் பாறையும் கடலுமாக வரும் காட்சிக்கு வலது ஜன்னலோரம் பிடிப்பது நியாயம்தான். ஆனாலும் வெள்ளி மாலை கிளம்பினால் நள்ளிரவுதான் போய்ச் சேருவீர்கள். ஞாயிறு பிற்பகலிலேயே பெட்டி கட்ட வேண்டும். வார இறுதிக்கு நீஸ் என்றால் விமானம் (பறக்கும் நேரம் ஒன்றரை மணி), இல்லையேல் 2021இல் மீண்டும் தொடங்கிய இரவு ரயில். அது ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் இரவில் கிளம்பிக் காலையில் நீஸில் இறக்கிவிடும். இரண்டாம் வகுப்பில் ஒரு அறைக்கு ஆறு படுக்கை, முதல் வகுப்பில் நான்கு. தண்டவாளப் பணிகளுக்காகச் சில இரவுகளில் இந்த வண்டி ஓடாது என்பதால் தேதியைப் பார்த்தபின் ஹோட்டல் போடுங்கள். அவசரப்பட்டு முதலில் ஹோட்டல் போடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிக்கெட்டில் ஒரு சிக்கனம். 27 முதல் 59 வயது வரையானவர்களுக்கான அவாந்தாஜ் அட்டை ஆண்டுக்கு 49 யூரோ. வார இறுதிப் போக்குவரத்தில் அட்டைக்காரருக்கு மட்டுமல்ல, கூட வரும் பெரியவர் ஒருவருக்கும் 30 சதவீதம் குறைகிறது. ஆக, இருவரில் ஒருவர் வாங்கினால் போதும். இளைஞர் அட்டையில் இந்தத் துணைச் சலுகை கிடையாது. ஊய்கோவில் அட்டை செல்லாது.

சான் மலோ: முதலில் ஓத அட்டவணை, பிறகு தேதி

இங்கே கடல்மட்டம் பெரிய ஓத நாட்களில் 12, 13 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஏற்றவற்றங்களில் ஒன்று இது. ஒவ்வொரு நாளும் ஓதத்தின் பலத்தை 20 முதல் 120 வரையான ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். பிரெஞ்சில் கோஎஃபிசியான் என்பார்கள். பயணத் தேதியை இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எண் 95க்கு மேல் போகும் நாட்களில் சான் மலோவில் கடல் நிறைவது காலையிலும் மாலையிலும், வற்றுவது பிற்பகலில். பயணிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. பகலில் மணலில் நடந்தே கிரான் பே என்னும் சிறு தீவுக்குப் போய், 1848இல் இறந்த எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறையைப் பார்த்துவிட்டு வரலாம். மாலையில் சியோன் கடற்கரையின் நடைபாதையில் அலை மோதுவதைப் பார்க்கலாம். மூன்று கிலோமீட்டர் நீளக் கரையில் அலையை உடைப்பதற்காக வரிசையாக நட்ட மரத்தடிகள் நிற்கின்றன. அப்படியும் வடமேற்குக் காற்று சேர்ந்துகொண்டால் நீர் சுவரைத் தாண்டி வந்து விழும். கேமராவை உறையில் போட்டுக்கொள்ளுங்கள், தடுப்புக் கட்டிய இடத்தில் நிற்காதீர்கள்.

எண் 40, 50 என்று இருக்கும் வாரத்தில் எல்லாம் தலைகீழ். நண்பகலை ஒட்டிக் கடல் நிறைந்து கிடக்கும், மணல் சுருங்கிவிடும், வற்றும்போதும் தீவுப் பாதை சரியாக வெளிப்படாமல் போகலாம். "போனோம், ஒன்றுமில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வாரங்களில் போனவர்கள்.

ஆபத்தும் உண்டு. ஆறு மணி நேரத்தில் ஏறும் நீர் சீராக ஏறுவதில்லை. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு. 12 மீட்டர் ஏறும் நாளில் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் ஆறு மீட்டர். பாதையில் நீர் மெல்லத் தொடும்போது "இன்னும் ஒரு படம்" என்று நின்றால், தீவிலேயே அடுத்த வற்றம்வரை காத்திருக்க வேண்டியதுதான். இடையில் தண்ணீரில் இறங்கிக் கடக்க முயல்வதுதான் உயிரைக் கேட்கும் தவறு. வற்றத்தின் உச்ச நேரம் தாண்டி ஒரு மணிக்குள் கரைக்குத் திரும்பிவிடுவது பாதுகாப்பான கணக்கு.

மதில்சூழ் பழைய நகரம் 1944 ஆகஸ்ட் குண்டுவீச்சிலும் தீயிலும் பெரும்பகுதி அழிந்து, பிறகு அதே கருங்கல் தோற்றத்தில் எழுப்பப்பட்டது. மதில்மேல் சுற்றிவர ஒரு மணி நேரம் போதும். 1746இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்த லபூர்தொனே 1699இல் பிறந்த ஊரும் இதுவே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் துப்ளெக்ஸோடு மல்லுக்கு நிற்பவர் அவர்தான்.

குளிப்பதற்கு? ஆகஸ்டிலும் நீர் 18, 19 டிகிரி. போன் செக்கூர் கரையில் வற்றத்தின்போதும் நீரைத் தேக்கி வைக்கும் கடல்நீர்க் குளம் இருக்கிறது; அங்கும் அதே குளிர்தான்.

மார்செய்: ஒரே காற்று, மூன்று கதவும் சாத்தும்

மார்செய்க்குப் போவதே கலாங்க் என்னும் சுண்ணாம்புப் பாறைக் குடாக்களுக்காக என்றால், மிஸ்திரால் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் உலர்காற்று அது. பலமாக வீசினால் காட்டுத்தீ அபாயம் ஏறிக் கோடையில் மலைப்பகுதியையே மூடிவிடுவார்கள். இஃப் கோட்டைத் தீவில் படகு கரை சேர முடியாது. அதோடு மேல்மட்டச் சூட்டு நீரைக் கடலுக்குள் தள்ளி அடியிலிருந்து குளிர்நீரைக் கொண்டுவருவதால், ஜூலையில்கூட குளியல் நீர் ஒரே நாளில் பல டிகிரி குளிர்ந்துவிடும். அதனால் "கலாங்க் இல்லையென்றால் தீவு, தீவு இல்லையென்றால் கடற்கரை" என்று போடும் மாற்றுத்திட்டம் வேலைக்கு ஆகாது. உண்மையான மாற்று நான்கு சுவருக்குள்ளோ காற்று மறைவிலோ இருக்க வேண்டும்: துறைமுக வாயிலில் 2013இல் திறந்த முசெம் அருங்காட்சியகம் (செவ்வாய் விடுமுறை), மேட்டில் நெருக்கமாக அமைந்த பனியே குடியிருப்பின் சந்துகள்.

காற்றில்லாத நாளுக்கான வழி இது. மெட்ரோவில் காஸ்தெலான், அங்கிருந்து பி1 பேருந்தில் கடைசி நிறுத்தமான லுமினி, பிறகு சுஜித்தோன் குடாவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேர இறக்கம். கோடைக்காலத்தில் சுஜித்தோனுக்கு நாளுக்கு 400 பேர் மட்டுமே. இலவச முன்பதிவு கட்டாயம், ஓரிரு நாட்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கோடையில் மலை திறந்திருக்குமா என்பது முந்தைய மாலைதான் தெரியும். உள்ளே குடிநீர்க் குழாய் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர். ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்து வழுவழுப்பான பாறை, ஆகவே செருப்பு வேண்டாம். திரும்பும்போது முழுக்க ஏற்றம் என்பதை இறங்கும்போதே நினைவில் வையுங்கள். ஏப்ரல், மே, செப்டம்பர் இறுதி, அக்டோபர் என்று போனால் இந்தக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை தொல்லை தராது. ஆகஸ்ட் மார்செயை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நோத்ர் தாம் த லா கார்த் தேவாலயக் குன்றுக்குப் பழைய துறைமுகத்திலிருந்து 60ஆம் எண் பேருந்து ஏறும். ஊரின் பாதுகாப்பு பற்றிய பயம் மிகைதான். சான் ஷார்ல் நிலையத்திலும் துறைமுகக் கூட்டத்திலும் கைப்பைக்கும் போனுக்கும் கவனம் கொடுத்தால் போதும்.

நீஸ்: வந்து சேர்ந்துவிட்டால் கவலையில்லை

இங்கே ஓதமும் இல்லை, மிஸ்திராலும் அதிகம் எட்டாது. விமான நிலையத்திலிருந்து 2ஆம் எண் டிராம் நேராக ஊர் நடுவுக்கு வருகிறது. ஏமாற்றம் கடற்கரையில்தான்: மணல் கிடையாது, முழுக்க உருண்டைக் கூழாங்கல். ரப்பர் அடி வைத்த கடல் செருப்பும் தடித்த பாயும் இல்லாமல் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாது. கரை சட்டென்று ஆழமாவதால் நீச்சல் சரியாகத் தெரியாதவர் இடுப்பளவு நீரில் நிற்க வாய்ப்பே குறைவு. மணல் வேண்டுவோர் வட்டார ரயிலில் ஏழெட்டு நிமிடத்தில் வில்ஃப்ரான்ஷ் போய்விடலாம். நிலையத்துக்குக் கீழேயே கரை. அதே ரயிலில் இன்னும் கால் மணி நேரம் போனால் மொனாக்கோ. ஷகால், மத்தீஸ் அருங்காட்சியகங்களுக்குச் செவ்வாய் விடுமுறை என்பதால் வார இறுதிக்குச் சிக்கலில்லை. குளிர்காலத்துக்கு மூன்றில் இது ஒன்றுதான் பொருந்தும்.

சாப்பாடு

சைவக்காரர் ஒருவர் கூட வந்தால் நீஸ்தான் முதலிடம். சொக்கா என்பது கடலை மாவு, தண்ணீர், ஒலிவ எண்ணெய் கரைத்து அகலத் தட்டில் விறகடுப்பில் சுடுவது. நம் அடைக்கு நெருங்கிய உறவு. மிளகு தூவி, ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். ஆனால் பான் பான்யா ரொட்டியில் சூரையும் நெத்திலியும் இருக்கும். மார்செயிலும் அதே கடலை மாவில் பொரித்த பனீஸ் கிடைக்கும். சான் மலோவின் மரக்கோதுமை (பக்வீட்) மாவில் சுடும் கலெத் என்னும் மெல்லிய அப்பத்தில் வழக்கமான "கொம்ப்ளெத்" பன்றித் தொடைக்கறி சேர்ந்தது. காளானும் முட்டையும் பாலாடைக்கட்டியும் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

மீன் உண்போருக்கு மார்செயின் புயாபேஸ் ஆளுக்கு 60 யூரோவுக்கு மேல். முந்தைய நாளே சொல்லிவைக்க வேண்டும், பல இடங்களில் இருவருக்குக் குறைந்து பரிமாறுவதும் இல்லை. முதலில் சாறும் ரொட்டியும், பிறகு மீன் தனியாக வரும். துறைமுகப் பலகைகளில் 20 யூரோவுக்கு எழுதியிருப்பது வெறும் மீன் சூப். விலைக்குத் தகுந்த சுவைக்கு எங்கள் ஓட்டு கான்கால் சிப்பிக்கு. சான் மலோவிலிருந்து பேருந்தில் போய், துறைமுகக் கடைகளில் டஜன் கணக்கில் வாங்கி, திறந்து தரச் சொல்லி, படிக்கட்டில் உட்கார்ந்தே சாப்பிடலாம். சிப்பியின் அளவைக் குறிக்கும் எண் குறையக் குறைய அது பெரிது. முதன்முறை சாப்பிடுபவர் 4ஆம் எண்ணில் தொடங்கட்டும். கோடையில் சிப்பி பால்பிடித்திருக்கும், பலருக்குப் பிடிப்பதில்லை.

நண்பர் எப்படிப்பட்டவர்?

இருவரும் நடப்பவர்கள் என்றால் மார்செய். ஒருவர் நடப்பவர், மற்றவர் படுத்துக்கிடப்பவர் என்றால் கலாங்க் சண்டையில் முடியும்; நீஸில் ஒருவர் அருங்காட்சியகத்துக்கும் ஒருவர் கடலுக்கும் பிரிந்துபோய் இரவில் சேர்ந்துகொள்ளலாம். ஒரே ஓர் இரவுதான் கையில் இருக்கிறது என்றால் சான் மலோ, அதுவும் ஓத எண் பெரிதாக உள்ள சனிக்கிழமை. மற்றபடி வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் இரண்டு இரவுக்கு நாங்கள் சொல்வது மார்செய்.

எங்கே போனாலும் அறை பதிவில் கவனம்: "ஷாம்ப்ர் தூப்ள்" என்றால் பெரும்பாலும் ஒற்றைப் பெரிய கட்டில். தனித்தனிக் கட்டில் வேண்டுமானால் "தூ லி செபாரே" என்று எழுதிக் கேட்டு, பதில் வரும்வரை பணத்தைத் திருப்பித் தராத கட்டணத்தில் போடாதீர்கள். சான் மலோவில் மதிலுக்குள் தங்கினால் உருளைப் பெட்டியைக் கல் பாவிய தெருவில் இழுக்க வேண்டும். நிலையத்துக்கும் பழைய நகருக்கும் இடையே சியோன் பக்கம் அறை எடுத்தால் இரண்டுக்கும் நடந்தே போகலாம்.

லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் வருபவர்கள் கார் து நோரில் இறங்கி நிலையம் மாற வேண்டும். கார் து லியோனுக்கு ஆர்.இ.ஆர். (RER) டி புறநகர் ரயிலில் பத்து நிமிடத்துக்குள். மோன்பர்னாஸுக்கு மெட்ரோ 4இல் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு மணி நேரம் மிஞ்சினால் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கத்திலேயே இருக்கிறது. ரோல்ஸும் வடையும் கட்டிக்கொண்டு ஏறினால், தெஜெவெ உணவுப்பெட்டியின் விலைக்கு நாலில் ஒரு பங்கில் இருவர் வயிறும் நிறையும்.