டிரஸ்ட் ஸ்காலர்ஷிப் என்று வருகிறவர்களிடம் பிள்ளைகளின் ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு போன் வரும். "உங்க பொண்ணு எங்க டிரஸ்ட் ஸ்காலர்ஷிப்புக்கு செலக்ட் ஆகியிருக்கும்மா, நாலு வருஷமும் ஃப்ரீ" என்பார்கள். பிள்ளையின் பெயர், பள்ளி, எடுத்த மார்க் வரை சரியாகச் சொல்வார்கள். விவரம் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அந்த விவரங்கள் எங்கிருந்தோ அவர்கள் கைக்குப் போய்விடுகின்றன. என் அக்கா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன், இந்த வருடம் இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

அக்கா விருதுநகர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள், தீப்பெட்டி ஆபீஸ் வேலை. மகள் ஆறாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளிதான். போன் வந்த வாரமே டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'கல்வி உதவித்தொகை முகாம்' என்று பெரிய ஃப்ளெக்ஸ் வைத்து, டோக்கன் கொடுத்து உட்கார வைத்து, மேடையில் நாலு பேருக்குச் சால்வை போட்டு அமர்க்களமாக நடத்தியிருக்கிறார்கள். கோவைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் சீட், படிப்பும் ஹாஸ்டலும் இலவசம், பதிவுக் கட்டணம் மட்டும் பதினெட்டாயிரம், இன்றைக்கே ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டிசியும் கொடுத்தால்தான் சீட் உறுதி. "கவுன்சலிங்குக்கெல்லாம் அலைய வேண்டாம்மா, அதுல நல்ல காலேஜ் கிடைக்காது" என்று சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய அநியாயம்.

ஏனென்றால் அந்தப் பெண்ணுக்கு அரசு நடத்தும் கவுன்சலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இல் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் தமிழக அரசு கொண்டுவந்தது இது. அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடும். அதாவது டிரஸ்ட்காரர்கள் தருவதாகச் சொன்னது முழுவதும் அவளுக்கு ஏற்கெனவே உரிமையாக இருந்தது. இவர்கள் அவளைக் கொண்டுபோய், கல்லூரியே நேரடியாக நிரப்புகிற மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டார்கள். அப்படிச் சேர்ந்த பிறகு 7.5-உம் கிடையாது, முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது.

முதல் செமஸ்டர் தேர்வு நேரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. டிரஸ்டிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை, ஃபீஸ் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். டிரஸ்ட் நம்பருக்கு அடித்தால் முதலில் "அடுத்த வாரம் வந்துடும்", அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். அக்கா வைத்திருந்த ரசீதை வாங்கிப் பார்த்தேன். பதிவுக் கட்டணம் என்று சொல்லி வாங்கிய பணத்துக்கு, பொடி எழுத்தில் 'மனமுவந்து அளித்த நன்கொடை, திருப்பித் தரப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறது. கீழே என் அக்காவின் கையெழுத்து. கூட்டத்தில் வரிசையாக நிற்க வைத்துக் கையெழுத்து வாங்கியவர்கள் அதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. தெரிந்தே செய்த வேலை இது.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றால் கல்லூரி சான்றிதழைத் தரவில்லை, முழு வருட ஃபீஸைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர்களின் ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது, தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇ-யும் அதைத்தான் சொல்கிறது. அதைக் குறிப்பிட்டுத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்தோம், அதன் நகலைக் கல்லூரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதற்கப்புறம்தான் சான்றிதழ் கைக்கு வந்தது. பணம் வரவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விட்டது, அதுதான் இன்னும் ஆறவில்லை.

பணம் கேட்டாலே அது உதவித்தொகை இல்லை. மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. டிப்ளமோ, இன்ஜினியரிங் படிக்கும் பெண்களுக்கு ஏஐசிடிஇ-யின் பிரகதி திட்டத்தில் வருடம் 50,000 ரூபாய் தருகிறார்கள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அதற்கும் அந்தத் தளத்தில்தான் விண்ணப்பம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்க்கு, சேர்ந்த கல்லூரியிலேயே பதிவு செய்து தருவார்கள், ஏஜென்ட் எதற்கு? நமக்கு ஆகிற செலவு வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் வாங்க இ-சேவை மையத்தில் கட்டுகிற சிறு தொகைதான். பணம் மாணவரின் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு நேராக வரும், அதனால் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று மட்டும் வங்கியில் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, கல்வித்துறையிலிருந்து பேசுகிறோம், ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்றும் கூப்பிடுகிறார்கள். நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. அப்படிப் பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கஷ்டம்.

நிஜமாகவே உதவுகிற அறக்கட்டளைகள் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்கள் யாரும் முன்பணம் வாங்க மாட்டார்கள், டிசியைக் கேட்க மாட்டார்கள், கவுன்சலிங்குக்குப் போகாதே என்று சொல்லவும் மாட்டார்கள்.

அக்கா மகள் இந்த வருடக் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்துவிட்டாள். பதிவு செய்யத் தெரியவில்லை என்றால் மாவட்டந்தோறும் இருக்கும் சேர்க்கை உதவி மையத்துக்குப் போங்கள், அங்கேயே செய்து கொடுக்கிறார்கள். போன வருடம் எங்கள் பக்கத்தில் இதே மாதிரி மண்டபத்தில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால், அந்த ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாமல் தனியாக ஒரு புகார் கொடுங்கள். ஒரே ஒரு புகார் இருக்கும்வரை இது நன்கொடைத் தகராறு என்று தள்ளிவிடப் பார்க்கிறார்கள்.