ஸ்ட்ரீமிங், டோரண்ட், கிராக் கேம்: எதில் சட்டச் சிக்கல் அதிகம்?

எல்லாவற்றையும் 'டவுன்லோட்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் திருட்டுத் தளத்தில் புதுப்படத்தை ஓடவிட்டுப் பார்ப்பது, டோரண்டில் இறக்குவது, கிராக் செய்த, அதாவது திருட்டைத் தடுக்கும் பூட்டை உடைத்த, கேமை லேப்டாப்பில் போட்டு ஆடுவது ஆகிய மூன்றையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. நம் ஊரில் புதுப்படம் என்றால்தான் கொஞ்சம் பயம். கேம் என்றால் 'அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்' என்ற நினைப்பு. சட்டத்தைப் பிரித்துப் படித்தால் கணக்கு கிட்டத்தட்டத் தலைகீழாக இருக்கிறது.

தளத்தில் பார்ப்பது

இந்தியச் சட்டம் இருப்பதிலேயே லேசாகத் தொடுவது இதைத்தான். முடக்கப்பட்ட தளங்களுக்குப் போனால் பார்ப்பதே தண்டனைக்குரியது என்ற தோரணையில் ஓர் எச்சரிக்கை வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். 2016 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் தெளிவுபடுத்தியது: குற்றம் பார்ப்பதில் இல்லை. அனுமதியின்றிப் பரப்புவது, பொதுவில் திரையிடுவது, விற்பது, வாடகைக்கு விடுவது ஆகியவையே குற்றம்.

டெலிகிராமில் வரும் படமும் இதே கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். போனில் இறங்கிய கோப்பு ஒரு பிரதி. பிரதி எடுக்கும் உரிமை உரிமையாளருடையது. அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் தள்ளிவிட்டால் நீங்களும் பரப்பியவர்தான். தியேட்டரில் போனைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்வது வேறு ரகம். 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி அதற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கிப் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

டோரண்ட்

டோரண்டில் வாங்குபவரே கொடுப்பவரும்கூட. படம் பாதி இறங்கும்போதே, இறங்கிய துண்டுகளை உங்கள் கணினி மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். 'நான் எதையும் அப்லோட் பண்ணவில்லையே' என்ற வாதம் இங்கே நிற்காது. உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியும் அந்தக் கோப்பைப் பகிரும் கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் தக்க காரணம் காட்டி இதைக் குறைக்கலாம். இந்தப் பிரிவில் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நடைமுறையில் இந்தியப் படநிறுவனங்கள் தனிநபரைத் துரத்துவது அரிது. அவர்கள் நீதிமன்றத்தில் வாங்குவது பெரும்பாலும் தளங்களை முடக்கும் 'அசோக் குமார்' ஆணை. முகம் தெரியாத எதிராளிக்கு நம் நீதிமன்றங்கள் வைத்திருக்கும் பெயர் அது. (அசோக் குமார் என்றே பெயருள்ளவர்கள் என்ன நினைப்பார்களோ!) தமிழ்நாட்டில் 2004-இல் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோதும் குறி விற்பவர்கள் மேல்தான் இருந்தது.

இந்தத் தைரியத்தை அப்படியே ஜெர்மனிக்கு எடுத்துப் போவதுதான் ஆபத்து. கோவையில் டோரண்ட் போட்டுப் பழகிய பையன் மேற்படிப்புக்குப் போய், விடுதி அறையில் லேப்டாப்பைத் திறக்கிறான். மென்பொருள் தானாகத் தொடங்கி, பழைய கோப்புகளைப் பகிர ஆரம்பிக்கிறது. உரிமையாளர் ஐபி முகவரியைக் குறித்துக்கொண்டு, நீதிமன்ற ஆணை மூலம் இணைய நிறுவனத்திடம் பெயரும் விலாசமும் வாங்கிவிடுவார். அப்புறம் வருவது 'அப்மானுங்' என்ற வக்கீல் கடிதம்: இனிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடு, ஒரு படத்துக்கு இத்தனை நூறு யூரோ கட்டு. அந்த உறுதிமொழித் தாளில் பதறிப்போய்க் கையெழுத்துப் போடவும் கூடாது, கடிதத்தைக் குப்பையில் போடவும் கூடாது. கெடு முடியும் முன் ஒரு வக்கீலையோ நுகர்வோர் ஆலோசனை மையத்தையோ பார்ப்பதுதான் சரி. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் கடிதம் முதலில் அவருக்குப் போகும் என்பது தனிச் சங்கடம்.

பார்ப்பது மட்டும் என்றாலும் அங்கே முழு நிம்மதி இல்லை. ஸ்ட்ரீம் செய்யும்போது கணினியில் உருவாகும் தற்காலிகப் பிரதிக்குச் சட்டம் தரும் விலக்கு, திருட்டு மூலம் என்று தெரிந்தே பார்ப்பவருக்குப் பொருந்தாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது.

ஐபி முகவரியை மறைக்கும் விபிஎன் சேவை போட்டால்? முகவரி மறையுமே தவிர, செய்த செயல் மாறாது. இந்தியாவில் 2022-இல் வந்த உத்தரவின்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அது பிடிக்காமல் சில நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன.

கிராக் கேம்

நான் கவனிக்கச் சொல்வது இதைத்தான். கேம் என்பது சட்டத்தின் கண்ணில் கணினி நிரல். அதற்கென்றே பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று தனிப் பிரிவு உண்டு: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினாலே 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். பரப்ப வேண்டியதில்லை, ஆடினாலே போதும். லாப நோக்கம் இல்லையென்றால் சிறையை விட்டுவிட்டு 50 ஆயிரத்துக்குள் அபராதத்தோடு நிறுத்தலாம். ஆனால் மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் கேமிங் சென்டர் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. பூட்டை உடைத்தவருக்கோ 65ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. சட்டம் போக, கிராக் கோப்போடு கடவுச்சொல் திருடும் நிரலும் சேர்ந்து வருவது கேமர்களுக்குப் பழைய கதை. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் ரீபேக்கை (கிராக் கேமைச் சுருக்கிக் கட்டிய தொகுப்பை) நம்பி வங்கிக் கணக்கு உள்ள கணினியைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

காசு கொடுத்து வாங்குவது

படத்துக்கு ஓடிடி வரும்வரை காத்திருக்கலாம். அதில் அதிகம் சொல்ல எதுவுமில்லை. கேமில்தான் நல்ல வழிகள் இருக்கின்றன. எபிக், ஸ்டீம், ஜிஓஜி எல்லாம் கணினி கேம் விற்கும் இணையக் கடைகள். எபிக் கடை வாரந்தோறும் இலவச கேம் தருகிறது. ஸ்டீமில் ரூபாயிலேயே விலை. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 'பிடிக்குமா என்று பார்க்கத்தான் கிராக் போட்டேன்' என்ற சாக்குக்கு இங்கே வேலையில்லை. ஒரு குறை உண்டு: ஸ்டீமில் நீங்கள் வாங்குவது உரிமம்தான், கேம் உங்கள் சொத்தாகாது. 2024 முதல் பணம் கட்டும் பக்கத்தில் அவர்களே அதைச் சொல்கிறார்கள். அது உறுத்தினால் ஜிஓஜி கடையில் வாங்குங்கள். அங்கே பூட்டில்லாத இன்ஸ்டாலரை இறக்கி உங்கள் ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம், நாளை கடையே மூடினாலும் கேம் ஓடும்.