செம்பனைப் புண்ணாக்கா, தவிடா? பிராய்லருக்கு எது தோது

பிராய்லர் வளர்ப்புச் செலவில் ஏறத்தாழ 70 விழுக்காடு தீவனத்துக்கே போய்விடுகிறது. அதில் முக்கியமான மக்காச்சோளம் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலில் வர வேண்டும். 2022 ஜூனில் தீவன விலை ஏறிக் கோழி ஏற்றுமதியையே மலேசிய அரசு நிறுத்தியது நமக்கு மறக்காது. பினாங்கின் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் எங்கு திரும்பினாலும் செம்பனை. வடக்கே கெடா மாநிலம் முழுக்க நெல் வயல். கையருகே இருப்பதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு ஆறவில்லை.

செம்பனை விதைப் புண்ணாக்கில் புரதம் 14 முதல் 18 விழுக்காடு. மக்காச்சோளத்தைவிட அதிகம்தான். ஆனால் கோழிக்குக் கிடைக்கும் எரிசக்தி மக்காச்சோளத்தில் ஏறத்தாழ பாதிதான். காரணம், நாரில் இருக்கும் மானன் என்ற சர்க்கரைச் சங்கிலி. கோழியின் குடலில் அதை உடைக்கும் நொதியே கிடையாது. ஒரு பிடி எடுத்து விரலிடையே தேய்த்துப் பாருங்கள், விதை ஓட்டுத் துகள் மணல்போல் உறுத்தும். சலிக்காமல் போடவே கூடாது.

இதைப் பதப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையை விட்டு நொதிக்க வைப்பது. நார் குறையும், புரதம் கூடும். ஆனால் நொதித்த சரக்கு ஈரமாக இருக்கும், உடனே காய வேண்டும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் வெயிலை நம்பிப் பரப்பினால் வேண்டாத பூஞ்சை ஏறிவிடும். பச்சை மஞ்சளாய்ப் பூத்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சின் பயம், கொட்டிவிடுவதே சரி. உலர்த்தி இயந்திரம் இல்லாதவர்கள் இந்த வழிக்குப் போக வேண்டாம் என்பேன்.

மற்றது, மானனை உடைக்கும் மானனேஸ் நொதித் தூள். சிறு பண்ணைக்கு இதுதான் தோது. டன்னுக்குச் சில நூறு கிராம்தான் சேரும் என்பதால், முதலில் ஒரு வாளித் தீவனத்தில் நன்றாகக் கலந்து, அப்புறம் மொத்தத்தில் சேருங்கள். இல்லையென்றால் ஒரு மூட்டையில் எல்லாம், இன்னொன்றில் ஒன்றுமில்லை.

நெல் தவிடு வேறு கதை. எரிசக்தி நன்றாகவே இருக்கும், எண்ணெய் மட்டும் 15 விழுக்காட்டை ஒட்டி. அந்த எண்ணெய்தான் சிக்கலும். நெல்லை அரைத்த நிமிடமே, எண்ணெயைச் சிதைக்கும் லைபேஸ் நொதி வேலையைத் தொடங்கிவிடும். சில நாளில் சிக்கு வாடை அடிக்கும், கோழி முகம் திருப்பும். ஆலையிலேயே சூட்டில் பதப்படுத்திய தவிடு கிடைத்தால் நான் புண்ணாக்கைவிட அதையே முதலில் வாங்குவேன். கிடைக்காவிட்டால், அன்றன்று அரைத்தது மட்டும். உமி கலந்திருக்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உமி மிதக்கும். தவிட்டின் பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் என்ற சேர்மத்தில் சிக்கியிருப்பதால், அதை உடைக்கும் பைட்டேஸ் நொதியும் சேர்க்க வேண்டும்.

தேங்காய்ப் புண்ணாக்கிலும் அதே மானன், லைசின் என்ற அமினோ அமிலமும் குறைவு. தனியாக அலச ஒன்றுமில்லை.

எதுவானாலும் முதல் மூன்று வாரம் குஞ்சுகளுக்கு வேண்டாம். அதன் பிறகு மொத்தத் தீவனத்தில் 5 விழுக்காட்டில் தொடங்கி, எச்சம் இளகாமலும் எடை குறையாமலும் இருந்தால் 10 வரை போகலாம். லைசின், மெத்தியோனின் ஆகிய அமினோ அமிலங்களைச் சேர்க்க மறக்காதீர்கள். புண்ணாக்கு போடும்போது குறையும் எரிசக்திக்குக் கொஞ்சம் செம்பனை எண்ணெயும் வேண்டும். மூட்டை விலையோடு அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.