ஒரு தட்டுச் சோறு 64 ரிங்கிட்

மலேசியாவின் பினாங்குக்குப் போனால், சோற்றின் மேல் பல குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெரிய இறாலை விலை கேட்காமல் தட்டில் ஏறவிடாதீர்கள். நான் விட்டேன்.

ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய தெருவில் ஒரு கடை. பெயர் வேண்டாம். "வாங்க அண்ணே, எந்த ஊர்?" என்றார் கரண்டி பிடித்தவர். திருச்சி என்றேன். அவருடைய பாட்டனார் இராமநாதபுரமாம். கடல் தாண்டி வந்த இடத்தில் ஒருவர் அண்ணே என்று கூப்பிட்ட பிறகு விலை கேட்க எனக்கு நா எழவில்லை. சோறு, வெண்டைக்காய், ஒரு கோழித்துண்டு. "இறால் வைக்கட்டுமா அண்ணே? இன்று வந்தது." தலையாட்டினேன். கேட்காமலே முட்டைக் கணவாயும் ஏறியது. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, மாட்டிறைச்சிக் குழம்பு மூன்றையும் கலந்து சோறு மூழ்க ஊற்றினார். அங்கே இதற்குப் 'பஞ்ஜிர்' என்று பெயர், வெள்ளம் என்று பொருள். ருசியைக் குறை சொல்ல மாட்டேன், பொய்யாகிவிடும்.

இந்தக் கடைகளில் எதையும் எடை போடுவதில்லை. கணக்கு எழுதுபவர் தட்டை ஒரு பார்வை பார்ப்பார், துண்டுச் சீட்டில் ஓர் எண்ணைக் கிறுக்குவார், அவ்வளவுதான். என் சீட்டில் 64 ரிங்கிட். நம் பணத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கும் மேல். எதற்கு எவ்வளவு என்று கேட்டேன். "இறால் பெரியது, கணவாய் முட்டையுள்ளது" என்றாரே தவிர, பிரித்துச் சொல்லவில்லை. விலைப் பலகை இருந்தது, மின்விசிறிக்குப் பின்னால். கோழிக்கு விலை போட்டிருந்தார்கள். இறாலுக்கும் கணவாய்க்கும் நேரே 'ஹர்கா செமாசா', அதாவது அன்றைய விலை. அண்ணே என்றவர் அதற்குள் அடுத்த ஆளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். பணத்தைக் கட்டினேன். சீட்டைக்கூடத் திருப்பித் தரவில்லை. படம் பிடித்து வைத்திருந்தால் புகாருக்காவது உதவியிருக்கும். தட்டையும் பலகையையும் சேர்த்தே பிடித்திருக்க வேண்டும்.

மறுநாள் வேறொரு கடை. கரண்டி இறால் பக்கம் போகும்போதே, "அது என்ன விலை தம்பி?" என்றேன். ஒன்று 25 ரிங்கிட் என்றான் பையன், முகம் சுளிக்காமல். கோழியும் முட்டைக்கோசும் போதும் என்றேன். 12 ரிங்கிட். பஞ்ஜிர் அங்கேயும் அதே வெள்ளம்தான்.